சிவப்பு ஆணி

தொழிற்கூடத்தில் அவளை ஜோசியரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கைரேகை பார்ப்பதால் அல்ல. எந்தத் தட்டு எப்போது கரையேறும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை.

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் செய்யும் ஆலை அது. கடைகளிலிருந்து வரும் ஒவ்வோர் ஆர்டருக்கும் கையகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. அதில் இரண்டு லென்ஸ்கள், ஒரு பிரேம், ஒரு சீட்டு. தட்டு முதலில் அரைக்கும் எந்திரத்துக்குப் போகும். அடுத்தது மெருகு. பிறகு கீறல் விழாமலிருக்க ஒரு திரவத்தில் முக்கியெடுப்பார்கள். அதன் பிறகுதான் சேம்பர். ஆளுயர எஃகு உருளை அது. உள்ளே கவிழ்ந்து தொங்கும் ஓர் உலோகக் குடை, குடை முழுக்க ஓட்டைகள். ஓட்டைக்கு ஒரு லென்ஸாகப் பொருத்திக் கதவைச் சாத்தினால், உள்ளேயிருக்கும் காற்று முழுவதையும் எந்திரம் உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். அந்த வெறுமையில், லென்ஸ்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு படியும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணில் சிதறாமல் தடுப்பது அந்தப் பூச்சுதான். அதற்கப்புறம் லென்ஸை பிரேமின் அளவுக்கு வெட்டி, பொருத்தி, வேனில் ஏற்றுவார்கள்.

நாளொன்றுக்குச் சில ஆயிரம் தட்டுகள் இப்படி நகர்கின்றன. எது முன்னால், எது பின்னால், எந்த எந்திரத்தில், எதோடு சேர்த்து என்பதை ஒரு காலத்தில் வெள்ளைப் பலகை ஒன்றும் உரத்த தொண்டைகள் சிலவும் தீர்மானித்தன. ஓராண்டாக ஒரு மென்பொருள் தீர்மானிக்கிறது. மாடியில், கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் அதன் திரை இருக்கிறது. எந்திரத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் அரிசி கொட்டியது போல் சின்னச் சின்னப் பட்டைகள். பட்டைக்கு ஒரு தட்டு. இந்த நிமிடத்தைக் காட்டும் மெல்லிய கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டே இருக்கும். அது தொடும் பட்டை கீழே எந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் முறை அது திட்டம் போட்டதை அவள் மறக்கவில்லை. பலகை முன்னால் ஒரு காலை முழுக்க நின்று அவள் பிரித்து வைக்கும் வேலையை, டீ ஆறுவதற்குள் அது பிரித்து வைத்துவிட்டது. பொறாமை வரவில்லை. மலையுச்சிக்கு ஏறி முதல் தடவை தன் ஊரைக் கீழே பார்ப்பவளைப் போல வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள்.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்தபோது, உள்ளே அண்ணன் ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, செய்தித்தாளை மூக்கில் ஒட்டாத குறையாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுபவன். போன மாதம் டிப்போவில் கண் சோதனை நடந்தது. பவர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை மறுபடி வந்து படித்துக் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காட்டாவிட்டால் ஸ்டியரிங் இன்னொருவர் கைக்குப் போகும்; அண்ணனுக்கு வாசல் காவல். அப்படி இறக்கப்பட்டவர்கள் திரும்பி ஏறியதாக டிப்போவில் யாருக்கும் நினைவில்லை. பிரேம் எடுப்பதா, அடுத்த சம்பளம் வரட்டுமா என்று நாளைத் தள்ளி, நேற்று திங்கட்கிழமைதான் கடையில் ஆர்டர் கொடுத்திருந்தான்.

"கேட்ல நின்னு கை காட்டணுமாம்," என்றான் அண்ணன். "நான் ஓட்டின வண்டி எனக்கே டாட்டா காட்டிட்டுப் போகும். நல்லாத்தான் இருக்கும், இல்ல?"

"வாயைக் கழுவுங்க," என்றாள் அண்ணி. பிறகு இவளிடம் குரலைத் தாழ்த்தி, "தெருமுனையில பஸ் வந்தா நம்பர் என்னன்னு என்கிட்ட கேக்கறாரும்மா. தெரியாத மாதிரி கேக்கல. எனக்குத் தெரியுதான்னு சோதிக்கிற மாதிரி கேக்கறாரு," என்றாள்.

"உனக்குக் கண்ணு சரியா இருக்கான்னு பாத்தேன்," என்றான் அண்ணன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"இருக்கு இருக்கு. கல்யாணத்தப்போதான் சரியா இல்ல."

சிரிப்பு அடங்கியதும் அண்ணி கேட்டாள். "உங்க ஆலையிலதானே செய்யறாங்க? கடைக்காரர் வழக்கமா ஒரு வாரம் ஆகும்னுட்டாரு. நீ ஒரு வார்த்தை சொன்னா நடக்காதா?"

அண்ணன் செய்தித்தாளின் பக்கத்தைப் புரட்டினான். புரட்டிய வேகத்தில் அந்தப் பக்கத்தை அவன் படிக்கவே இல்லை என்று தெரிந்தது.

"நடக்கும் அண்ணி," என்றாள். "அதுக்கென்ன."

*

அதுக்கென்ன என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் ஆணி.

திரையில் ஒரு பட்டையைப் பிடித்து, வேண்டிய எந்திரத்தில் வேண்டிய நேரத்தில் வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் அதன் தலையில் சிவப்பாக ஒரு புள்ளி விழும். அப்புறம் மென்பொருள் எத்தனை முறை திட்டத்தைக் கலைத்துப் போட்டாலும் அந்தப் பட்டை அசையாது. இதை நிறுவ வந்த ஆள், "அவசரம்னா மட்டும் தொடுங்க, ஊறுகா மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊறுகாய் கொஞ்ச நாளில் சோறாகிவிட்டது. மேனேஜரின் நண்பர், கடைக்காரரின் மைத்துனர், பேக்கிங் பிரிவில் ஒருவரின் சம்பந்தி, யாரோ ஒரு பெரிய மனிதரின் டிரைவர். போன் வரும், "நம்ம ஆளு ஒருத்தர்" என்று தொடங்கும், ஜோசியரம்மா ஆணி அடிப்பாள்.

புதன்கிழமை காலை வந்ததும் அண்ணனின் தட்டைத் தேடினாள். இன்னும் அரைக்கவே போயிருக்கவில்லை. அண்ணனுக்குப் பவர் அதிகம் என்பதால் மெல்லிய ரக லென்ஸ் போட்டிருந்தார்கள். அந்த ரகத்துக்கு ஆர்டர் குறைவு. சேம்பரில் மற்ற ரகத்தோடு அதைக் கலக்க முடியாது. சூடு வேறு, பூச்சின் கணக்கு வேறு. ஒரு குடை நிரம்பும் அளவுக்கு அதே ரகம் சேரும்வரை தட்டு காத்திருக்கும். திரை சனிக்கிழமை என்றது.

அண்ணனின் பட்டையைப் பிடித்து வியாழக்கிழமை மதியத்துக்கு இழுத்தாள். சேம்பர் வரியில் வைத்தாள். ஆணி அடித்தாள். திட்டத்தை மறுபடி ஓடவிட்டாள்.

எப்போதும் அதோடு எழுந்துபோய் டீ வாங்கிக்கொண்டு வருவாள். அன்று சொந்த அண்ணன் என்பதால் உட்கார்ந்து பார்த்தாள்.

பட்டைகள் நகரத் தொடங்கின. ஆணி அடித்த இடத்தில் ஒரு முழுக் குடை அண்ணனின் இரண்டே லென்ஸுக்காக ஒதுங்கியது. அங்கே இருந்தவை வலப்பக்கம் தள்ளப்பட்டன. அவை இடித்ததில் அடுத்தவை சரிந்தன. சேம்பருக்குப் பிந்தியதால் வெட்டும் எந்திரத்தில் வெற்றிடம் விழுந்தது. அதை நிரப்ப வேறு தட்டுகள் முன்னால் ஓடிவந்தன. அவற்றுக்காக மெருகு வரிசை மாறியது. ஒரு விரலால் தொட்டதற்கு வாரம் முழுவதும் அசைந்தது. எல்லாம் அடங்கியபோது, நேரத்துக்கு முடியாத தட்டுகள் மஞ்சளாக மாறியிருந்தன. வெள்ளி, சனி இரண்டு நாட்களும் பூத்த கடுகு வயல் மாதிரி கிடந்தன.

ஒரு மஞ்சளைத் தொட்டாள். எந்தக் கடை, என்ன பவர், குறிப்பு: பள்ளிக் குழந்தை, முதல் கண்ணாடி. இன்னொன்றைத் தொட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு. இன்னொன்று. வலது மட்டும், இடது கண்ணில் பார்வை இல்லை.

அவள் கை மவுஸிலிருந்து விலகியது. ஓராண்டாக இதே பட்டைகளைத்தான் பார்க்கிறாள். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு முகம் இருப்பது தெரியாத விஷயமில்லை. தெரிந்ததுதான். ஆனால் இத்தனை முகங்கள் ஒரே நேரத்தில் திரும்பி அவளைப் பார்த்தது அன்றுதான்.

ஆணியைப் பிடுங்கினாள். திட்டம் பழையபடி படுத்தது. அண்ணனின் பட்டை சனிக்கிழமைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

*

கீழே இறங்கி சேம்பர் பக்கம் போனாள். அங்கே இருப்பவருக்குக் குடைக்காரர் என்று பெயர். வெள்ளைக் கையுறையோடு குடையின் ஓட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சேம்பரின் கதவு திறந்தே கிடந்தது.

"இது ஏன் சும்மா நிக்குது?"

"அதை என்கிட்ட கேக்கறீங்க பாருங்க," என்றார் குடைக்காரர். "நீங்க ஆணி அடிச்ச தட்டு ஒண்ணு இந்நேரத்துக்கு இதுக்குள்ள போயிருக்கணும். அது இன்னும் மெருகுலயே நிக்குது. அது வராம நான் வேற குடையை ஏத்தக் கூடாது. காத்தை வெளியேத்தற மெஷினு, காத்து வாங்கிட்டு நிக்குது."

"யாரோட தட்டு?"

"எனக்கெப்படித் தெரியும்? எவரோ நம்ம ஆளு."

அண்ணன் விஷயத்தைச் சொன்னாள். அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"நம்ம வீட்டுத் தட்டா? சொல்லக் கூடாதா? நான் ஏதாவது குடையில ஓரமா…" என்று தொடங்கியவர், தட்டின் ரகத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "மெல்லிசா? வேணாம். மத்ததோட போட்டா சுட்ட அப்பளமாட்டம் சுருங்கிடும். அந்த ரகத்துக்குக் கூட்டாளி சேரணும். இல்ல, தனிக் குடை போடணும். தனிக் குடை போட்டா ஊர்ல பாதிப் பேர் நாளைக்கு சுவத்துல முட்டிப்பாங்க."

"பாத்தேன்," என்றாள்.

மேலே வந்து, திரையில் ஆணி அடித்தவை மட்டும் தெரியும்படி மாற்றினாள். இதை அவள் செய்ததே இல்லை, தேவை வந்ததில்லை. சிவப்புப் புள்ளிகள். சேம்பர் வரிகளில் மட்டுமில்லை. அரைப்பில், மெருகில், வெட்டில், எல்லா வரியிலும் அம்மை போட்டதுபோல் சிவந்திருந்தது. பாதிக்கு மேல் அவளே அடித்தவை. ஒவ்வொரு புள்ளியின் முன்னாலும் கொஞ்சம் வெற்றிடம், பின்னாலும் கொஞ்சம் வெற்றிடம். இத்தனை ஆணிகளுக்கு நடுவில்தான் அந்த மென்பொருள் ஓராண்டாக வழி கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. கையைக் காலைக் கட்டிப்போட்டு ஆடச் சொல்லியிருக்கிறோம், அதுவும் ஆடியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமும் வியப்பும் ஒன்றாக வந்தன.

*

மேனேஜர் நல்ல மனிதர். எதையும் மறுக்காதவர், அதனால்தான் இத்தனை ஆணிகள். அவரைத் திரை முன்னால் உட்காரவைத்தாள்.

"எல்லாத்தையும் பிடுங்கணும் சார்."

"எல்லாத்தையுமா?" அவர் குனிந்து ஒரு புள்ளியைக் காட்டினார். "இது எது தெரியுமா? என் மாமியாரோடது. நாளைக்கு மதியம்னு வாக்குக் கொடுத்திருக்கேன். இதைக் கழட்டினீங்கன்னா வீட்ல என்னையும் சேத்துக் கழட்டிடுவாங்க."

"முதல்ல ஒத்திகை பாக்கலாம் சார். நகல் எடுத்து அதுல பிடுங்கறேன். நெஜத்துல ஒண்ணும் மாறாது. சரியில்லன்னா விட்டுடலாம்."

ஒத்திகைக்கு உத்தரவு எதுவும் வேண்டியதில்லை என்பதால் அவர் தலையாட்டினார்.

நகலில் எல்லா ஆணிகளும் போயின. அவள் ஓடவிட்டாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரை முழுவதும் ஒரே சமயத்தில் உயிர்கொண்டது. வரிகள் கலைந்தன. ஒரே நிறத்துப் பட்டைகள் எங்கெங்கிருந்தோ வந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தன. இடைவெளிகள் மூடின. சேம்பர் வரிகளில் குடைகள் வரிசையாக, இடிக்காமல், மூச்சு விடுவதுபோல் சீரான இடைவெளியில் வந்து நின்றன. கலைத்தது, பார்த்தது, பிடிக்கவில்லை என்பதுபோல் மறுபடி கலைத்தது, இன்னும் நெருக்கமாக அடுக்கியது. மேனேஜர் கையிலிருந்த பேனாவை மூட மறந்து வைத்திருந்தார். அதன் மை அவர் சட்டைக் கையில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அடங்கியது. மஞ்சள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தது.

"என் மாமியார்?" என்றார் மேனேஜர், மெல்ல.

தேடினாள். "இன்னிக்கு சாயந்திரமே முடியுது சார்."

"இன்னிக்கா? நாளைக்குத்தானே…"

"நாளைக்குன்னு நாமதான் அடிச்சு வெச்சோம். முன்னால வர முடியாம நின்னுட்டிருந்திருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப நான் இத்தனை நாள் எல்லாருக்கும் உதவி பண்றேன்னு…" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். பிறகு, "பிடுங்கிடுங்கம்மா," என்றார். "நெஜத்துலயும். போன் வந்தா நான் பேசிக்கறேன்."

அதற்கப்புறம்தான் அவள் அண்ணனின் பட்டையைத் தேடினாள். தேடுவதற்குப் பயமாக இருந்தது. சனிக்கிழமையில் அது இல்லை. வெள்ளிக்கிழமைக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியம்.

சோதனை வெள்ளிக்கிழமை காலை.

அவள் முகத்தைப் பார்த்து மேனேஜர் விசாரித்தார். சொன்னாள். அவர் நீண்ட மூச்சு விட்டார். "ஒண்ணே ஒண்ணுதானேம்மா. உங்க அண்ணனுக்கு மட்டும் ஒரு ஆணி அடிச்சுக்குங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

யாரும் சொல்ல மாட்டார்கள்தான். கை மவுஸின் மேல் இருந்தது. தெருமுனைப் பேருந்தின் எண்ணை அண்ணியிடம் கேட்கும் குரல் காதில் இருந்தது. இடது கண்ணில் பார்வை இல்லாத அந்த யாரோவும் நினைவில் இருந்தார்.

பட்டையைத் தொட்டு ஆர்டரின் விவரத்தைத் திறந்தாள். கடை. பவர். பிரேம். குறிப்பு இல்லை. கடைசி வரியில், எப்போது வேண்டும் என்ற இடத்தில் அடுத்த திங்கட்கிழமை என்று இருந்தது. அதை யாரும் எழுதவில்லை. ஆர்டர் வந்த நாளிலிருந்து ஒரு வாரத்தை மென்பொருள் தானாகவே போட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்துப் பட்டையைத் திறந்தாள். அதிலும் ஒரு வாரம். இன்னொன்று. அதுவும். மேனேஜரின் மாமியாருக்கும் ஒரு வாரம்.

"சார்," என்றாள். "நாம யாரும் இதுகிட்ட எப்ப வேணும்னு சொன்னதே இல்ல."

"என்னம்மா சொல்றீங்க?"

"எங்க வைக்கணும்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம். ஆணி இருக்கேன்னு தேதியை யாருமே தொடல. கடைக்காரங்களும் எழுதறதில்ல. அவசரம்னா போன் பண்ணிக்கலாம்னு விட்டுடறாங்க. இதுக்கு எல்லாரோட அவசரமும் ஒண்ணுதான். எங்கண்ணனுக்குத் திங்கட்கிழமைதான் வேணும்னு நினைச்சுட்டிருக்கு."

திங்கட்கிழமையை அழித்தாள். வியாழன் சாயங்கால வேன் என்று எழுதினாள். அந்த வேன் ஏறினால், கடை அடைக்குமுன் அண்ணன் கைக்குக் கண்ணாடி கிடைத்துவிடும்.

"இதுவும் சிபாரிசுதானே?" என்றார் மேனேஜர். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவள் யோசித்தாள். "இடம் கேக்கல சார். உள்ளதைச் சொல்றேன். மத்த கடைகளுக்கும் இன்னிக்கே சொல்லிடலாம், வேண்டிய நாளை எழுதுங்கன்னு. இது முடியாதுன்னு சொன்னா முடியாதுதான். ஆணி அடிக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. ஓடவிட்டாள்.

இந்த முறை பெரிய அசைவு எதுவும் இல்லை. அதுதான் அவளைக் கலங்கவைத்தது. திரையின் பெரும்பகுதி அப்படியே கிடந்தது. எங்கோ ஒரு மூலையில் மட்டும் சில பட்டைகள், கூட்டமான பேருந்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு குழந்தைக்காகக் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவதுபோல் நகர்ந்தன. அடுத்த வாரத்துக்கென்று கிடந்த மெல்லிய ரகத் தட்டுகள் சில, கேட்பாரற்றுக் கிடந்தவை, முன்னால் வந்தன. அண்ணனின் பட்டையோடு சேர்ந்தன. வியாழன் மதியம், இரண்டு குடைகளுக்கு நடுவே, ஒரு புதுக் குடை விரிந்தது.

மஞ்சள்களை எண்ணினாள். ஒன்றும் கூடவில்லை.

அந்த இடம் காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் பலகை முன் நின்ற ஆண்டுகளிலும் எத்தனையோ வாரங்களில் அப்படி ஓர் இடம் இருந்திருக்கும். ஆயிரக்கணக்கான தட்டுகளின் தேவையை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் தெரிகிற இடம். எந்த மனத்தாலும் அது முடியாது. எதிரே இருந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டி அதைப் பார்த்துவிட்டு, பெருமை எதுவும் பேசாமல், அடுத்த உத்தரவுக்காகக் காத்திருந்தது.

மேனேஜர் எழுந்தார். அப்போதுதான் தன் சட்டைக் கையைப் பார்த்தார். "போச்சுடா," என்றார்.

*

வியாழக்கிழமை காலை மெருகு எந்திரம் ஒன்றின் பெல்ட் அறுந்தது.

கீழேயிருந்து குரல் வரும்முன்பே திரையில் அந்த வரி கறுத்தது. அண்ணனின் தட்டு அந்த எந்திரத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது. பழைய பழக்கத்தில் அவள் விரல் ஆணிப் பொத்தானுக்குப் போனது. இரண்டு கைகளையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

எறும்பு வரிசையின் நடுவில் விரல் வைத்தால் ஒரு கணம் தடுமாறும். பிறகு விரலின் இரண்டு பக்கமும் பிரிந்து போய் அந்தப் பக்கம் மறுபடி ஒரே வரிசையாகும். அதேதான் நடந்தது. கறுத்த வரியிலிருந்து பட்டைகள் மற்ற மெருகு வரிகளுக்குள் பிரிந்து புகுந்தன. அண்ணனுடையது மேல் வரிக்குத் தாவியது. சேம்பர் வரியில் குடைகள் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்றன. வேனுக்கும் அந்தக் குடைக்கும் நடுவே இருந்த இடைவெளி மெலிந்தது. ஆனால் அறுபடவில்லை.

குடை ஏறும் நேரத்துக்குக் கீழே போய் நின்றாள். குடைக்காரர் லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"எது எங்கண்ணனோடது?"

"சொல்ல மாட்டேன். சொன்னா கண்ணு வெச்சுடுவீங்க," என்றார். பிறகு இரண்டைச் சுட்டிக்காட்டினார்.

மற்றவற்றிலிருந்து வித்தியாசமே இல்லை. தண்ணீர்த் துளி மாதிரி இருந்தன. கதவு சாத்தப்பட்டது. காற்று வெளியேறும் ஓசை தாழ்ந்து தாழ்ந்து தேய்ந்தது. கதவில் உள்ளங்கையளவு ஜன்னல். அதன் வழியே பார்த்தாள். உள்ளே குடை சுற்றத் தொடங்கியிருந்தது. அடியிலிருந்து ஊதா வெளிச்சம் எழுந்து லென்ஸ்களில் பட, குடை முழுவதும் கண்கள் திறந்ததுபோல் மின்னியது. யார் யாரோ. எந்தெந்தத் தெருவிலோ இந்நேரம் கண்ணை இடுக்கிக்கொண்டு இருப்பவர்கள். ஒருவரையொருவர் ஒருபோதும் பார்க்கப்போகாதவர்கள். இங்கே ஒரே குடையின் கீழ் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்துலேர்ந்து ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றார் குடைக்காரர். "ரெண்டு சேம்பரும் கதவு திறந்து நிக்கவே இல்ல. எனக்கு டீ குடிக்கக்கூட நேரமில்ல. என்ன பண்ணீங்க மேல?"

"ஒண்ணும் பண்ணல," என்றாள். "பண்றதை நிறுத்தினோம்."

"அப்ப டீக்கும் ஒரு தேதி எழுதிப் போடுங்க."

சாயங்கால வேன் கிளம்பியபோது அவள் மாடியில் இருந்தாள். திரையின் மெல்லிய கோடு அண்ணனின் கடைசிப் பட்டையைத் தாண்டியது. பட்டை சாம்பல் நிறமாகி, முடிந்த ஆயிரங்களில் ஒன்றாக இடப்பக்கம் ஒதுங்கியது.

*

வெள்ளிக்கிழமை முற்பகல் அண்ணியின் போன் வந்தது.

"படிச்சுட்டாராம்," என்றாள் அண்ணி. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எழுத்து அட்டையில கடைசி வரிக்குக் கீழ அச்சாபீஸ் பேர் இருந்துச்சாம். அதையும் படிச்சுக் காட்டினாராம். டாக்டர் போதும்யான்னுட்டாராம்."

அவள் போனை வைத்த சிறிது நேரத்தில் மேனேஜர் கதவோரம் வந்து நின்றார். நிற்கும் விதத்திலேயே தெரிந்தது.

"நம்ம ஆளு ஒருத்தர்மா…" என்று தொடங்கினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல இல்ல. ஆணி இல்ல," என்றார் அவசரமாக. "பதினெட்டாம் தேதி பொண்ணு பாக்கப் போறாராம். அதுக்குள்ள கிடைச்சா போதும். தேதி மட்டும் எழுதிடறீங்களா?"

அன்று சாயங்காலம் வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். மூன்று வண்டிகளை விட்டாள். நான்காவதாக வந்த வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் இருந்தான். புதுக் கண்ணாடி முகத்துக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. முன்வாசலில் ஏறினாள். அவன் சாலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"டிக்கெட் எடுத்தியா?"

"டிரைவர் தங்கச்சிக்குமா?"

"டிரைவர் தங்கச்சிக்குத்தான் முதல்ல."

எடுத்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். இருட்டத் தொடங்கியிருந்தது. எதிரே வந்த லாரி விளக்கைப் போட்டது. அந்த வெளிச்சம் அண்ணனின் லென்ஸில் ஒரு கணம் மெல்லிய பச்சையாக மின்னி மறைந்தது. அவன் கண் சுருங்கவில்லை.

அவள் திரும்பி வண்டிக்குள் பார்த்தாள். முன்னிருக்கையில் தடித்த கண்ணாடியோடு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பள்ளிப் பையை மடியில் வைத்த சிறுமி, நழுவும் கண்ணாடியை விரலால் மேலே தள்ளித் தள்ளி ஜன்னல் வழியே கடைப் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தாள். அதற்கும் பின்னால் ஒருவர், நடைபாதையில் நின்ற ஒருத்தி, கடைசி வரிசையில் இருவர். வெளியே நிறுத்தத்தில் இன்னும் பலர், தலையைத் தூக்கி வரும் பேருந்தின் எண்ணைப் பார்த்தபடி. யார் எந்த ஆலையில் கண் வாங்கியவர்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் எங்கோ ஒரு திரையில், ஏதோ ஒரு வரியில், அரிசியளவு பட்டையாக ஒரு நாள் காத்திருந்தவர்கள்.

அவள் எண்ணத் தொடங்கினாள். அடுத்த நிறுத்தத்தில் ஒரு கூட்டம் ஏறியது, எண்ணிக்கை தவறிப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.